நாலு பாகம் ஆழம்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 3, ராஜேந்திர பிரசாத் பிறந்த நாள். அதைத்தான் நம் நாட்டில் வழக்கறிஞர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதையொட்டி நீதிபதிகள், வக்கீல்கள் என்று சட்டத்துறைப் பெரியவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது, ஆள் மாறிப் பேசுகிறார்களோ என்று நினைத்தேன். நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. ராமநாதபுரம் கோர்ட்டில் முப்பத்தெட்டு வருஷம் கேஸ் கட்டுத் தூக்கியவன். வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டுவது, வாய்தா தேதி குறித்துக்கொள்வது, நகல் மனு போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பது, இதுதான் என் சட்டப் படிப்பு. “அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறோம்” என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

பெரியவர்கள் என்றால் திருவாரூர் முத்துசாமி ஐயரில் தொடங்குவதுதான் முறை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய பளிங்குச் சிலையை அப்பீல் வேலையாகப் போகும்போதெல்லாம் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவேன். அந்த நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர். தெருவிளக்கில் படித்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது வேறு. சின்ன வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்திருக்கிறார். அதாவது அவரும் குமாஸ்தா வர்க்கம். 1893-ல் கொஞ்ச காலம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் உட்கார்ந்தார். எங்கள் குமாஸ்தாக்கள் கூட்டத்தில் இதை ஒருவராவது சொல்லாமல் டீ முடியாது.

அவர் தஞ்சாவூர்ச் சீமை. நான் நம்முடைய கரைக்கு வந்துவிடுகிறேன்.

தமிழில் வழக்கு என்ற சொல் எனக்கு வெகு நாளாக ஆச்சரியம். ஊரில் பேசுவது பேச்சு வழக்கு. தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது வழக்கம். கோர்ட்டில் போடுவதும் வழக்கு. வழக்கறிஞர் என்றால் வழக்கு அறிந்தவர். இதில் எந்த வழக்கை அறிந்தவர்? எங்கள் சீனியர் ஐயா இரண்டையும் என்பார். சட்டப் புத்தகத்தை மட்டும் அறிந்தவன் பாதி வக்கீல்தான் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டும் ஆதாரம் ராமநாதபுரம் அரண்மனை.

சேதுபதி சமஸ்தானத்தில் ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் விதவை. முத்துராமலிங்கத்தைச் சுவீகாரம், அதாவது தத்து, எடுத்துக்கொண்டார். கணவர் உயிரோடு இருந்தபோது அனுமதி கொடுத்தாரா என்பதுதான் சிக்கல். அனுமதி இல்லாமல் விதவை தத்து எடுக்கலாமா கூடாதா என்பதில் இந்து சட்ட நூல்களுக்கு உரை எழுதிய வடநாட்டு உரைகாரர்கள் ஒரு பக்கம், தென்னாட்டு உரைகாரர்கள் ஒரு பக்கம். எதிர்த்து நின்றவர் சாதாரண ஆள் இல்லை, மதுரை கலெக்டர். அதாவது சர்க்கார். வழக்கு கடல் தாண்டி, அந்தக் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று. 1868-ல் தீர்ப்பு. திராவிட தேசத்தில், கணவரின் தாயாதிகள் சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம், சுவீகாரம் செல்லும் என்றார்கள். அதைச் சொல்லும் வழியில் ஒரு வாக்கியம் வருகிறது: இந்து சட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டுவிட்டால், எழுதிவைத்த நூலைவிட அதற்கே எடை அதிகம்.

அந்த வாக்கியத்தை அப்புறம் இந்தியா முழுக்க வக்கீல்கள் எடுத்து வீசினார்கள். சட்டப் புத்தகத்தில் அதற்குப் பெயரே ராமநாதபுரம் வழக்கு. நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, இந்த ஊரைப் பார்த்தே இராதவர்கள் பஞ்சாபிலும் வங்காளத்திலும் வாதாடியிருக்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கு அடுத்தபடியாக நம் பெயரை அதிக தூரம் கொண்டுபோனது அந்தத் தீர்ப்புதான் என்று எனக்கு எண்ணம்.

இந்த அரண்மனை வாசலில் இருந்து இன்னொரு குடும்பமும் புறப்பட்டது. ராமநாதபுரம் ஜமீனுக்கு வக்கீலாக இருந்தவர் சூரவள்ளி சுப்பையர். அவர் மகன் மதுரைக்காரர் எஸ். சுப்பிரமணிய ஐயர். முத்துசாமி ஐயர் 1895-ல் காலமான பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் இவர்தான். தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. அன்னி பெசன்ட்டை 1917-ல் காவலில் வைத்தபோது அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதற்காக வெள்ளைக்கார அமைச்சர் கண்டித்துப் பேச, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது வயது எழுபத்தைந்துக்கு மேல். அந்த வயதில் பென்ஷன் ஆபீசுக்கு ஒரு மனு எழுதவே எனக்குக் கை நடுங்கும்.

இன்னொருவர் நம் ஜில்லாவிலேயே பிறந்தவர், எஸ். சீனிவாச ஐயங்கார். அட்வகேட் ஜெனரலாக இருந்து 1920-ல் அந்தப் பதவியை விட்டார். 1926-ல் கௌகாத்தி காங்கிரசுக்குத் தலைவர். அதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். எனக்கு அவரைத் தெரிவது வேறு வகையில். இந்து சட்டத்துக்கு மெயின் என்ற வெள்ளைக்கார வக்கீல் எழுதிய பெரிய நூல் ஒன்று உண்டு. 1930களின் கடைசியில் அதைத் திருத்திப் புதுப்பித்துப் பதிப்பித்தவர் ஐயங்கார். எங்கள் ஆபீசில் முதுகு கிழிந்துபோன ஒரு பிரதி இருந்தது. மீன் பசை போட்டு நானே இரண்டு தரம் ஒட்டினேன். தத்து என்ற அத்தியாயத்தைத் திறந்தால் ராமநாதபுரம் வழக்கு. ராமநாதபுரத்துக்காரர் பதிப்பித்த புத்தகத்தில் ராமநாதபுரத்து ராணி. என்னைப் போன்றவனுக்கு இது போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய்ச்சாட்சி. வழக்கம் பெரியது என்ற அதே வாதம் நம் மாவட்டத்துக் கமுதியில் வேறு முகம் காட்டியது. 1897-ல் நாடார் சமூகத்தார் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் போனார்கள். சேதுபதி பாஸ்கரர் வழக்குப் போட்டார். அது மதுரை சப் கோர்ட்டில் தொடங்கி, ஹைகோர்ட் வழியாக, 1908-ல் அதே பிரிவி கவுன்சிலுக்குப் போய் முடிந்தது. உள்ளே போகும் வழக்கம் உங்களுக்கு இல்லை என்று தீர்ப்பு. விதவைக்குப் பிள்ளை கொடுத்த வழக்கமே ஒரு சமூகத்தின் முகத்தில் கோயில் கதவைச் சாத்தியது. தீர்ப்பு எழுதியவர்கள் பெரிய படிப்பாளிகள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் கதவு கதவுதான்.

அந்தக் கதவைத் திறந்ததும் ஒரு வக்கீல்தான், கோர்ட்டுக்கு வெளியே. மதுரை வைத்தியநாத ஐயர். 1939 ஜூலை 8-ந் தேதி, கக்கன் உள்ளிட்ட ஐந்து அரிசனங்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அப்போது சென்னை மாகாணப் பிரதமர், இன்றைய கணக்கில் முதலமைச்சர், ராஜாஜி. அவரும் சேலத்து வக்கீல். நுழைந்தவர்கள் மீதும் நுழையவிட்டவர்கள் மீதும் வழக்குப் பாயாமல் இருக்கச் சட்டம் கொண்டுவந்தார். முதலில் செய்துவிட்டு அப்புறம் சட்டம். எங்கள் சீனியர் ஐயா மற்ற விஷயங்களில் ரொம்பவும் சட்டம் பேசுகிறவர். இதில் மட்டும் “அது வேற கணக்கு” என்று சொல்லிவிடுவார்.

இப்போது கடலுக்கு வருகிறேன். 1904-ம் வருஷத்துச் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு ஒன்று. பாக் விரிகுடாவில் நம் கரையோரச் சங்குப் பார்கள், அதாவது சங்கு கிடக்கும் கடலடித் திட்டுகள், சேதுபதி ராஜாவுக்குச் சொந்தம். அவர் அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகைக்காரருக்குத் தெரியாமல் சங்கு எடுத்ததாகச் சிலர் மீது திருட்டு வழக்கு. கேள்வி எப்படி வருகிறது பாருங்கள். கடலுக்கு அடியில் தானாக ஊர்ந்து திரியும் ஒரு பிராணியைத் திருட முடியுமா? கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல் என்பது ஐரோப்பியக் கணக்கு. நம் கடல் அப்படி இல்லை, இரு கரையிலும் உள்ளவர்கள் நூற்றாண்டுகளாக ஆண்டு அனுபவித்துவரும் கடல், இதைத் திறந்த கடலாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது கோர்ட். சங்குப் பார் ராஜாவின் அனுபவத்தில் இருப்பது, சங்கை எடுத்தால் திருட்டு. இங்கேயும் பழைய அனுபவம்தான் ஜெயித்தது. கச்சத்தீவு, கடல் எல்லை என்று எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத் தேடி எடுக்கிறார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் சட்டத்தைவிடத் தலைப்புதான் உறுத்தியது. வழக்கு கொண்டுவந்தவர் அன்னக்குமாரு பிள்ளை. எதிரியின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். முத்துப்பயல். வேறு எப்படிப் படித்தாலும் வரவில்லை. ஒருவர் பிள்ளை, இன்னொருவர் பயல். அவன் அப்பா அம்மா வைத்த பெயர் முத்துவாக இருக்கும். பயலை யார் சேர்த்தார்கள்? போலீஸ்காரரா, எங்களைப் போல ஒரு குமாஸ்தாவா? நூற்றிருபது வருஷமாக அந்தப் பெயரில்தான் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் என்ன சொன்னார், எத்தனை நாளாகக் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தார் என்று யாருக்கு அக்கறை?

அதனால் கடைசியாக, சிலை இல்லாத ஒரு நீதிபதியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர் வேண்டாம். 1980களில் முன்சீப்பாக வந்தவர், மேற்கு ஜில்லாக்காரர், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. கூட்டாக வைத்திருந்த ஒரு வள்ளம் மூழ்கிய வழக்கு. ஆழம் குறைவு, தூக்கியிருக்கலாம், வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்பது வாதி கட்சி. எங்கள் தரப்புச் சாட்சி ஒரு சங்கு குளியாளி. அறுபது வயது இருக்கும். உப்பில் ஊறி வெளுத்த புருவம், காது கொஞ்சம் மந்தம். குளியாளிகளுக்கு அது உண்டு.

எதிர் வக்கீல், “மூழ்கின இடத்துல எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார்.

“நாலு பாகம்.”

“பாகமெல்லாம் இங்க வேண்டாம். மீட்டர்ல சொல்லு.”

பெரியவர் முழித்தார். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டி, “இது ஒரு பாகம். இப்படி நாலு” என்றார். எதிர் வக்கீல் சிரித்தார், பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. கோர்ட்டுச் சேவகர் டவாலியைக் கூப்பிட்டு டேப் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. ஆபீசில் பேரேட்டுக்குக் கோடு போடும் ஒரு அடி மர ஸ்கேலைக் கொண்டுவரச் சொன்னார். கூண்டில் கை விரித்து நின்ற பெரியவரை, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரைக்கும், ஸ்கேலை மாற்றி மாற்றி வைத்து டவாலி அளந்தார். நெஞ்சுக்கு வந்தபோது சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டு இடித்தது. பெரியவர் கூச்சத்தோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஐந்தடி ஏழு அங்குலம். “ஆழம் நாலு பாகம். சாட்சியின் பாகம் ஐந்தடி ஏழு அங்குலம்” என்று முன்சீப் வாக்குமூலத்தில் பதியச் சொன்னார். கணக்குப் போட்டால் இருபத்திரண்டு அடிக்கு மேல் வருகிறது. எதிர் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட வேண்டும். தலைப்பில் பெயர், தகப்பனார் பெயர், வயது. தொழில் என்ற இடத்தில் தட்டச்சர் பழக்கதோஷத்தில் கூலி என்று அடித்திருந்தார். அதைப் படித்ததும் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கூலி இல்லைங்கய்யா. நான் சங்கு குளிக்கிறவன்.”

கோர்ட்டில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. இதற்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை, மணி ஐந்தாகிக்கொண்டிருந்தது. முன்சீப் தாளை வாங்கி, அந்தச் சொல்லைத் தன் பேனாவால் அடித்து, மேலே சங்கு குளிப்பவர் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அப்புறம் பெரியவர் இடது பெருவிரலை மைத்தட்டில் அழுத்தினார்.

வணக்கம் நேயர்களே.