சீட் பெல்ட்டுக்கு ஒரு குளியல்

நேயர்களுக்கு வணக்கம்.

காரை வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் வெளியே பாலிஷ், உள்ளே வாக்குவம், டாஷ்போர்டுக்குப் பளபளப்பு என்று எல்லாம் நடக்கும். சீட் பெல்ட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. சந்தேகமிருந்தால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, டிரைவர் பக்கத்துப் பெல்ட்டில் தோள் படும் இடத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி டீ வடிகட்டியது போல ஆகிவிடும்.

மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, காட்பாடியில் ஏறி ஆற்காட்டில் இறங்குவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த வியர்வை, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், நெடுஞ்சாலைப் புழுதி, ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அரைகுறையாகக் கழுவிய கை, எல்லாம் பெல்ட்டில்தான் வந்து சேரும். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால், ஏலகிரி ஏறும்போது அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளும் தங்கள் பங்கைக் கொடுத்துவிடும்.

இதில் அசிங்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் பேசவே வந்திருக்க மாட்டேன். தோளுக்கு மேலே ஒரு வளையத்தின் வழியாகப் பெல்ட் நுழைந்து வருகிறதல்லவா? அந்த வளையத்தில் பிசுக்கு ஏறிவிட்டால், கழற்றிய பெல்ட் உள்ளே சுருண்டு போகாது. தொங்கும், கதவிடுக்கில் மாட்டி நசுங்கும். போட்டிருக்கும்போதும் தொளதொளவென்று கிடக்கும். உடம்போடு ஒட்டியிருந்தால்தானே மோதும் நேரத்தில் பிடிக்கும்? 'ஸ்பிரிங் போச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வளையத்தைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

சரி, கழுவும் முறைக்கு வருவோம். பெல்ட்டை மெதுவாக முழு நீளத்துக்கும் இழுத்து, வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கெட்டியான கிளிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பாதி வேலையில் ஈரத்தோடு உள்ளே ஓடிவிடும். ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குழந்தைகள் ஷாம்பு போதும். மெத்தென்ற பிரஷ்ஷால் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் நூல் பிசிர் எழும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாலைந்து தடவை துடையுங்கள். உப்பு ஏறிய போர் தண்ணீர் வேண்டாம், கறுப்புப் பெல்ட்டில் வெள்ளைத் திட்டு நிற்கும்.

தண்ணீரை ஊற்றாதீர்கள், பிரஷர் கன்னைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பெல்ட் சுருளும் பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் பூட்டும் இருக்கின்றன. இப்போதைய பல கார்களில், மோதிய கணத்தில் பெல்ட்டை இறுக்குவதற்கு ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பியும் உண்டு. அதைத் திறந்து சுத்தம் செய்கிறேன் என்று ஸ்குரூ டிரைவரோடு கிளம்ப வேண்டாம்.

பிளீச்சிங் பவுடர், ஆசிட், பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது. கறை போய்விட்டதே என்று நமக்குச் சந்தோஷமாக இருக்கும்; பாலியஸ்டர் நூல் வலுவிழந்தது கண்ணுக்குத் தெரியாது. வெளுத்த பெல்ட்டுக்குச் சாயம் போடுவதும் அப்படித்தான். பக்கிளில் எண்ணெய் விடவும் கூடாது, புழுதி வந்து ஒட்டிக்கொள்ளும்.

காய வைப்பதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, கிளிப்பைக் கழற்றாமல், நிழலில் கண்ணாடியை இறக்கி வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். அரை ஈரத்தில் சுருண்டால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றம் லேசில் போகாது.

பெல்ட் வெளியே நீட்டிக் கிடக்கும்போதே ஓரங்களில் பிசிர், வெட்டு, சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தோல் வேலைக்குப் பேர்போன நம் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் அழகாகத் தைத்துத் தரும் கைகள் உண்டு. ஆனால் இதைத் தைக்கக் கொடுக்காதீர்கள். செட்டோடு மாற்ற வேண்டும். பலமாக மோதிய காரின் பெல்ட்டும் அப்படியே, பார்க்கப் புதுசாக இருந்தாலும் சரி.

நன்றி, வணக்கம்.