ஷாக் மெஷின் ஏன் அடிக்கவில்லை?

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அம்பாசமுத்திரம், வள்ளியூர் வரைக்கும் பைக்கில் போய் வருகிறேன். இன்றைக்கு டிஃபிப்ரிலேட்டரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வார்டில் ஷாக் மெஷின் என்பார்களே, அதுதான். நர்ஸுகள் யாரும் கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பேச்சு முக்கியமாக உங்களுக்கு.

இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும்போது, அந்த நடுக்கத்தை நிறுத்தத்தான் இந்த ஷாக். நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவியும் இல்லாமல் போனால், நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் என்று பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது.

ஒரு ராத்திரி போன் வந்தது. "அண்ணாச்சி, சார்ஜ் ஏறுது, பட்டனை அமுக்கினா ஷாக் போக மாட்டேங்குது!" பின்னால் ஒருவர் நெஞ்சை அழுத்தி எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "சிஸ்டர், திரையில சிங்க்னு எழுத்து இருக்கா பாருங்க" என்றேன். இருந்தது. அதை அணைத்ததும் ஷாக் போய்விட்டது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. சாயங்காலம் வேறொரு நோயாளிக்குப் போட்ட சிங்க்கை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சிங்க் என்பது நாடி இருப்பவருக்கு, தாறுமாறாக ஓடும் துடிப்பைச் சீராக்க. இ.சி.ஜி.யில் உயர்ந்து எழும் ஆர் அலையைப் பார்த்த பிறகுதான் மெஷின் ஷாக்கை விடும். நடுங்குகிற இதயத்தில் அந்த அலை ஏது? மெஷின் அதைத் தேடிக்கொண்டே நிற்கும். சில மாடல்கள் ஒரு ஷாக் கொடுத்ததும் தானாகவே சிங்க்கை விட்டு வந்துவிடும், சில வராது. உங்கள் வார்டில் இருப்பது எது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. பிளக் சொருகியிருக்கும், சுவரில் சுவிட்ச் அணைந்திருக்கும். இல்லையென்றால், செல்போன் சார்ஜருக்காக யாரோ பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இதை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன்! கரண்ட் வருவதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பாருங்கள்.

அப்புறம் ஜெல், மின்சாரம் நெஞ்சுக்குள் நன்றாகப் போவதற்காகத் தடவுவது. நம்ம ஊர் வெயிலில், உறை கிழிந்த ஒட்டும் பேடு சீக்கிரம் காய்ந்துவிடும். கையில் பிடித்து நெஞ்சில் வைத்து அழுத்துகிற பேடிலில் பழைய ஜெல் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். இரண்டுமே நெஞ்சோடு சரியாகப் படியாது, தோலும் வெந்துபோகும். வியர்வையைத் துடைத்துவிட்டு வையுங்கள். ஸ்கேனுக்குப் போடும் ஜெல் வேண்டவே வேண்டாம், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

திரையில் கோடு ரம்பப் பல் மாதிரி வந்தால், முதலில் இ.சி.ஜி. ஒட்டுகளை மாற்றிப் பாருங்கள்.

பேடில்கள் இரண்டையும் முட்டவைத்து அடித்துப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். சோதனைக்கென்று மெஷினிலேயே ஏற்பாடு உண்டு, பல மாடல்களில் 30 ஜூல் அளவு ஷாக் போதும். பெட்டியையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

நான் போகும் ஒரு வார்டில், தினமும் காலை ஏழரைக்கு ஒரு சிஸ்டர் சோதனை செய்து, வருகிற காகிதத் துண்டை நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறார். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை. உங்கள் வார்டிலும் நாளைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். வணக்கம்.