நினைவில் நிற்பது கூட்டாளிகளின் கைவேலையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஹாலோவீன் பேய் வீடு நினைவில் நிற்பது கடையில் வாங்கிய கருவிகளாலா, நண்பர்கள் கூடிக் கட்டிய கைவேலையாலா?’ இதுதான் தலைப்பு. அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில், அமெரிக்க வீடுகளில் கராஜை, அதாவது கார் நிறுத்தும் அறையை, இருட்டுப் பாதையாக்கி, நடந்து வருபவர்களைப் பயமுறுத்துவதைத்தான் இங்கே பேய் வீடு என்கிறேன். கைவேலையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் 12 அடி எலும்புக்கூட்டைப் புகழ்ந்தார். ஆள் வந்ததும் தானே எழுந்து அலறும் பொம்மைகளைப் புகழ்ந்தார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த எலும்புக்கூட்டை 2020-இல் 299 டாலருக்கு விற்கத் தொடங்கியது ஹோம் டிப்போ என்ற அமெரிக்கக் கடை நிறுவனம். அமெரிக்க வீட்டுக் கராஜின் கூரை பெரும்பாலும் எட்டு, ஒன்பது அடிதான். 12 அடி எலும்புக்கூடு அதற்குள் நிற்கவே முடியாது! வெளியே புல்வெளியில் நிற்கும், தெருமுனை திரும்பும்போதே கண்ணில் படும். வீட்டுக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரத்திலேயே பார்த்துவிட்டவர் பக்கத்தில் வந்து எதற்கு அலறுவார்?

அலறும் பொம்மைக்கு வருவோம். அதில் இருப்பது ஆள் நடமாட்டத்தை உணரும் ஒரு சென்சார். ஐந்து பேர் வரிசையாக வருகிறார்கள். முதல் ஆள் குறுக்கே போனதும் அது கத்திவிடும். பின்னால் வரும் நால்வரும் பொம்மையை வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்துபோவார்கள். திரைக்குப் பின்னால் ஒரு நண்பர் நின்றால் என்ன செய்வார்? முதல் இருவரைப் போகவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று தோளைத் தளர்த்திய மூன்றாவது ஆளைப் பிடிப்பார். இந்தத் தேர்வு எந்த சென்சாருக்கும் வராது.

இதில் கண்ணின் வேலை ஒன்றும் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வாசல் விளக்கடியில் நின்றுவிட்டு வரும் விருந்தாளி, மூன்று நிமிடத்தில் நடந்து முடித்துவிடுவார். அதுவரை அவர் பாதிக் குருடர். உள்ளே அரை மணி நேரமாக ஒளிந்திருக்கும் நண்பருக்கோ எல்லாம் தெரியும். ஆனால் வேகமாக மின்னி மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கை, நண்பர் ஒளியும் இடத்துக்கு எதிரே வைத்தால் அந்த நண்பரின் கண்ணும் போய்விடும். எந்த மூலையில் வைத்தால் அவருக்குப் படாது என்பதை அந்தக் கராஜில் நின்று பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். அந்த விளக்கைப் பற்றி வாசலிலேயே எழுதி வைப்பதும் அவர்கள் பொறுப்பு. வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பை வரவழைக்கும்.

கட்டும் வேலையைக் கேளுங்கள். இரண்டு கார் நிற்கும் கராஜ் ஏறக்குறைய 20-க்கு 20 அடி. நேராக நடந்தால் 20 அடியில் முடிந்துவிடும். மூன்றடி அகலப் பாதையாக மடக்கி மடக்கிப் போட்டால், ஆள் ஒளிய இடம் விட்ட பிறகும் 60 அடிக்கு மேல் கிடைக்கும். சுவருக்கு நாலுக்கு எட்டு அடி மரச் சட்டங்கள். இவற்றை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதுதான் புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் தவறு. பயந்தவர்கள் பக்கவாட்டில் சாய்வார்கள், சுவர் அவர்களோடு சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டத்தைச் செங்கோணமாக முடுக்கி, மேலே குறுக்குக் கட்டை போட்டால் திருப்பமே சுவருக்குத் தாங்கலாகும். ஒருவர் பிடிக்க, ஒருவர் மட்டம் பார்க்க, ஒருவர் முடுக்க வேண்டிய வேலை இது.

சட்டத்தின் மேல் போர்த்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மலிவு. ஆனால் சிறு வெளிச்சம் பட்டாலும் பளபளக்கும், காற்றடித்தால் சலசலக்கும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். தீத்தடுப்புத் திரவம் அதில் ஊறாது, ஊறும் பருத்தித் துணியில்தான் பிடிக்கும். இந்த இடத்தில் நிதானமாகப் பேசியாக வேண்டும். 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிரேட் அட்வென்ச்சர் கேளிக்கைப் பூங்காவில் இருந்த பேய்க் கோட்டை தீப்பற்றி எட்டு இளைஞர்கள் இறந்தார்கள். உள்ளே சுவரில் பதித்திருந்த நுரை மெத்தையில் தீ பிடித்தது, இருட்டு வளைவுகளில் வழி தெரியவில்லை. அதனால் மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். தெருவுக்கு நேரே திறக்கும் வழி ஒன்று எப்போதும் அடைபடாமல் இருக்கட்டும். கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதைச் சுற்றி எதையும் தொங்கவிடக் கூடாது. மொத்த விளக்கையும் ஒரே தட்டில் போடும் சுவிட்சின் பக்கத்தில் கடைசிவரை ஒருவர் நிற்க வேண்டும்.

புகை இயந்திரம் கருவிதானே என்று எதிரணி கேட்கலாம். வாங்கி வந்து அப்படியே இயக்குங்கள், புகை சூடாக வெளிவந்து நேராகக் கூரைக்கு ஏறும், புகை எச்சரிக்கைக் கருவி கூவும். தரையில் தவழும் மூடுபனி வேண்டுமென்றால் அதைக் குளிரவைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் உலோகக் குழாயை வளைத்து, சுற்றிலும் ஐஸ் நிரப்பி, அதன் வழியே புகையை விட வேண்டும். குழாய் தாழ்ந்து கிடந்தால் புகையின் ஈரம் உள்ளேயே தேங்கி வழியை அடைக்கும். அதனால் வெளிவாயை நோக்கிச் சற்றுச் சரிவாக வைக்க வேண்டும். மலிவான 400 வாட் இயந்திரம் தொடர்ந்து ஊதினால் மறுபடி சூடேற நின்றுவிடும், பெரும்பாலும் கூட்டம் வரும் நேரத்தில்! சின்னச் சின்ன ஊதலாகக் கொடுக்க ரிமோட்டோடு ஒருவர் வேண்டும்.

என் அணிக்குப் பிடித்தமான ஒன்றைச் சொல்கிறேன்: சுவர் இடைவெளியை மூடியிருந்து, கயிற்றை விட்டதும் சறுக்கி விழும் பலகை. இரண்டடிச் சதுர ஒட்டுப்பலகை, மேசை டிராயர் சறுக்கப் போடும் இரண்டு உலோகத் தண்டு, அடியில் மோதி நிற்க ஒரு மரக்கட்டை. எதிர்ச் சுவரில் மங்கலான விளக்கில் ஒரு படம் மாட்டிவிடுங்கள். விருந்தாளி அதைப் பார்க்கும்போது பின்பக்கத்துப் பலகை ‘தடால்’ என்று விழும், இடைவெளியில் ஒரு முகம். தூக்கிவாரிப் போடுவது அந்தச் சத்தம், முகம் இரண்டாவதுதான். பிடிக்கும் கயிற்றை உள்பக்கம் வைக்காவிட்டால் விரல் நசுங்கும். பலகையும் நடப்பவருக்குப் பின்பக்கமாகவே விழ வேண்டும். முன்னால் விழுந்தால் கூட்டம் பின்வாங்கி, கடைசி ஆள் கீழே விழுவார். பின்னால் விழுந்தால் எல்லோரும் முன்னே ஓடுவார்கள், பாதையும் காலியாகும்.

இந்த வழக்கம் வளர்ந்ததே இப்படித்தான். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், ஹாலோவீன் இரவில் சிறுவர்கள் செய்த நாசத்தைத் தடுக்க அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சேர்ந்து இருட்டு நிலவறைகளில் பயப் பாதை அமைத்தார்கள். 1937-இல் வந்த கையேடு ஒன்று சொல்கிறது: சுவரில் பழைய ரோமத் தோலும் சமைக்காத ஈரலும் தொங்கவிடுங்கள், முகத்தில் உரசும்படி கூரையிலிருந்து ஈரப் பஞ்சைக் கட்டுங்கள். சமையலறையிலும் பரணிலும் கிடந்ததைக் கொண்டே ஊரை அலறவைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று வயதுக் குழந்தை வாசலிலேயே அம்மாவின் காலைக் கட்டிக்கொள்கிறது. வாசலில் நிற்பவர் டார்ச்சை இரண்டு முறை அடித்தால், உள்ளே எல்லோரும் முகமூடியைக் கழற்றி, விளக்கைப் போட்டு, மிட்டாய்க் கிண்ணத்தோடு கையசைக்க வேண்டும். முன்கூட்டியே பேசி ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இது. சென்சாருக்கு மூன்று வயதும் முப்பது வயதும் ஒன்றுதான், குழந்தை அழுதாலும் அது கத்தும். அந்தக் குழந்தை அடுத்த அக்டோபர் 31 அன்று அதே வாசலுக்குத் திரும்பி வருமா வராதா என்பதை எந்த அணியின் ஆள் முடிவு செய்கிறார் என்று பார்த்துத் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.