கல்லும் கல்லும் தொட வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலோ சிக்னலிலோ நிற்கும்போது தரையைக் கொஞ்சம் பாருங்கள். சக்கரம் ஓடும் இரண்டு தடமும் தாம்பாளம் மாதிரிக் குழிந்து கிடக்கும். ஓரத்தில் தார் பிதுங்கி வரப்பு கட்டியிருக்கும். பைக்கில் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், அந்த வரப்பில் ஏறினால் ஹேண்டில் தானாக இழுக்கும். "தடம் விழுந்துவிட்டது" என்போம் நாங்கள். சாலைக் கலவைப் பரிசோதனைக் கூடத்தில் வயதைக் கரைத்தவன் நான். இந்தத் தடம் ஏன் விழுகிறது, விழாமலிருக்க எப்படிக் கலவை போடுவது என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

வழக்கமான தார்க் கலவையில் பெரிய ஜல்லி, நடுத்தர ஜல்லி, சிப்ஸ் என்னும் கல் சில்லு, கிரஷர் பவுடர் என்னும் கல் பொடி என்று எல்லா அளவும் வரிசையாக இருக்கும். பார்க்க நன்றாக நிரவியிருக்கும். ஆனால் வெண்பொங்கலில் முந்திரி மிதப்பதுபோல் பெரிய கல் அதில் மிதக்கிறது. சித்திரை வெயிலில் தார் இளகும், மேலே லாரி வந்து நிற்கும், பொங்கல் நகரும், முந்திரியும் கூடவே நகரும்.

தடம் விழாமலிருக்கப் போடும் கலவைக்கு ஸ்டோன் மாஸ்டிக் அஸ்பால்ட், சுருக்கமாக எஸ்.எம்.ஏ., என்று பெயர். அது கடலை மிட்டாய் மாதிரி. கடலை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், இடுக்கில் மட்டும் பாகு. அழுத்திப் பாருங்கள், அழுத்தத்தை வாங்குவது கடலைதான். கடலை விலகாமல் பிடித்துக்கொள்வதோடு பாகின் வேலை முடிந்தது.

இது பிறந்தது ஜெர்மனியில். 1960-களில் அங்கே பனிக்காலத்தில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் போட்டு ஓட்டினார்கள். ஆணி சாலையைத் துருவித் தள்ளியது. ஸ்ட்ராபாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ட்சிஷ்னர் என்ற பொறியாளர், ஆணிக்கு ஈடுகொடுப்பது கல் மட்டும்தான் என்று பிடித்து, கல்லைக் கூட்டி, அதை மாஸ்டிக்கால், அதாவது தாரும் பொடியும் சேர்ந்த பசையால், கட்டினார். 1968-ல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரத்தில் ஒரு தெருவில் போட்டார்கள். 1975-ல் ஆணி டயருக்கே அங்கே தடை வந்துவிட்டது. நோய் போனபின் மருந்து எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சாலைகளில் கனரக லாரி ஓடியும் தடம் விழவில்லை என்பதை அதற்குள் கண்டுகொண்டார்கள். 1984-ல் ஜெர்மனி இதற்குத் தர விதி எழுதியது. அமெரிக்கப் பொறியாளர் குழு 1990-ல் ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வருஷமே அமெரிக்காவிலும் போட ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2008-ல் எஸ்.பி. 79 என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது.

சரி, கலவைக்குள் என்ன இருக்கிறது? நூறு கிலோ கல்லும் பொடியும் எடுத்துக்கொண்டால் அதில் எழுபது முதல் எண்பது கிலோ வரை 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் ஜல்லி. கீழே எட்டு முதல் பன்னிரண்டு கிலோ வரை மாவு மாதிரியான பொடி. நடுவில் வர வேண்டிய சிப்ஸ், மணல் அளவெல்லாம் வேண்டுமென்றே குறைவு. அந்த இடைவெளிதான் இந்தக் கலவையின் உயிர். நடுத்தரச் சில்லு கூடினால் அது பெரிய கல்லுக்கு நடுவில் புகுந்து ஆப்பு வைத்ததுபோல் விலக்கிவிடும். அப்புறம் அது விலை கூடிய பொங்கல், அவ்வளவுதான்.

கல் கல்லைத் தொடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வெறும் ஜல்லியை மட்டும் ஒரு உருளைப் பாத்திரத்தில் மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு இருபத்தைந்து தடவை இரும்புக் கம்பியால் குத்தி, கல்லுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் என்று கணக்கெடுப்போம். பிறகு தாரோடு கலந்து, இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது அடி அடித்து வில்லை செய்வோம். அந்த வில்லைக்குள் ஜல்லிக்கு நடுவே இருக்கும் இடம், முதலில் பார்த்ததைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் ஏதோ நடுவில் புகுந்து கல்லைப் பிரித்திருக்கிறது என்று அர்த்தம். மற்ற எண்களெல்லாம் தேர்வில் பாஸ் பண்ணினாலும் இதில் தோற்ற கலவையை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியதில்லை.

கல்லும் சாமானியக் கல்லாக இருக்கக்கூடாது. கல்லோடு கல் உரசுகிற இடத்தில் பாரம் இறங்குவதால், கனசதுரமாக உடைந்த கருங்கல் வேண்டும். ஓடு மாதிரித் தட்டையாக வந்த ஜல்லி ரோலருக்குக் கீழே சடக்கென்று முறியும். முறிந்த முகத்தில் தார் இருக்காது, தண்ணீர் அங்கேதான் முதலில் போகும். ஆகவே சாலையின் ஆயுளில் பாதி கிரஷரிலேயே முடிவாகிவிடுகிறது என்பேன்.

இனி தார். ஒரு டன் கலவைக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோ பிட்டுமன், அதாவது தார், போகும். வழக்கமான கலவையைவிடத் தாராளம். கல்லைச் சுற்றிக் கனமாகப் படிவதால்தான் வெயிலும் காற்றும் பட்டுச் சீக்கிரம் வறண்டு வெடிக்காமல் இருக்கிறது. ஆனால் நூற்றைம்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் தார், டிப்பரில் போகிற வழியிலேயே ஒழுகி அடியில் இறங்கிவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது செல்லுலோஸ் நார். டன்னுக்கு மூன்று கிலோ, அவ்வளவுதான். தென்னை நாரையும் ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள், நம் ஊருக்கு அது பொருத்தமான யோசனைதான்.

இந்த மூன்று கிலோ என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஒரு சம்பவம். ஐப்பசி மாதம், கலவை தயாரிக்கும் ஒரு பிளான்ட்டில் வேலை. நார் மூட்டை ஈரம் கோத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. நார் விழுகிற குழாய் அடைத்துக்கொண்டது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் எல்லாம் பச்சை விளக்கு. சைட்டில் இருந்த எனக்கு ஒரு டிப்பர் லோடைப் பார்த்ததும் சந்தேகம். குவியலாக நிற்க வேண்டிய கலவை சரிந்து பளபளவென்று மினுக்கியது. கம்பிக் கூடையில் கொஞ்சம் அள்ளி, கீழே தட்டு வைத்து, ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தோம். வழிகிற தார் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் போகக்கூடாது. எங்கள் தட்டில் எடை போடவே தேவையில்லாமல் கறுப்பாகக் குளம் கட்டியிருந்தது. அதற்குள் இரண்டு லோடு விரித்து முடித்தாயிற்று. மறுநாள் சாலையில் எண்ணெய் கொட்டியதுபோல் கறுப்புத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. வெட்டியெடுத்துத்தான் மறுபடி போட்டோம்.

விரிக்கும்போதும் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டயர் ரோலர் கூடாது, தார் டயரில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். இரும்பு ரோலர்தான், அதுவும் கலவையை விரிக்கும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒட்டியே, சூடு ஆறுமுன். அதிர்வைக் கூட்டி ஓட்டினால் கல் நொறுங்கும், அல்லது மாஸ்டிக் மேலே கக்கும். பழைய ரோலர் டிரைவர்களுக்கு ஒரு குறை உண்டு, "என்ன சார், அமுங்கவே மாட்டேங்குது?" என்பார்கள். வாஸ்தவம். வழக்கமான கலவை விரித்த கனத்தில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு அமுங்கும். இது பத்து, பதினைந்தோடு நின்றுவிடும், கல் முட்டிவிட்டது என்று பொருள். அமுங்கவில்லையே என்று மேலும் மேலும் மிதித்தால் கெடுத்துவிடுவோம். ஆனால் மிதித்தது போதாமல் விட்டாலும் ஆபத்து. உள்ளே காற்று இடைவெளி ஆறு சதவீதத்துக்கு மேல் நின்றால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும்.

இவ்வளவு செலவு எல்லாச் சாலைக்கும் தேவையா என்றால், இல்லை. மாட்டு வண்டியும் மினி பஸ்ஸும் போகிற ஊர்ச் சாலைக்கு இதைக் கேட்பது வீண். சுங்கச்சாவடி, துறைமுகச் சாலை, லாரி நின்று நின்று போகிற மேம்பாலச் சரிவு, நான் முதலில் சொன்ன அந்த பஸ் நிறுத்தம், அங்கெல்லாம் போட்டால் கொடுத்த காசு திரும்பி வரும்.

கடைசியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாகப் போட்ட எஸ்.எம்.ஏ. சாலையில் முதல் சில வாரம் கல்லின் மேல் தார்ப் படலம் இருக்கும், மழையில் பிரேக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கும். இதற்காகவே ஜெர்மனியில் ரோலர் போகும்போதே பொடி ஜல்லியைத் தூவி அழுத்திவிடுகிறார்கள். நம் ஊரில் தூவியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, தூவவில்லையென்றால் முன்னால் போகிற லாரிக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள். வணக்கம்.