மூன்று வழி, நான்கு வழி

வணக்கம் நேயர்களே. கணினி ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் வானொலியை மூடிவிடாதீர்கள். படம் போட்டு விளக்க வேண்டிய எதையும் நான் தொடப்போவதில்லை. ஹட்டன் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன் நான். பாதை, மழை, ஒரு செய்தி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேருகிற விதம், இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

சில ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவை கம்பனியும் இல்லை, அரசாங்கக் கந்தோரும் இல்லை. அரசாங்கத்துக்கு வேலை செய்து காசு வாங்குவார்கள், ஆனால் இலாபம் என்று பங்கு பிரித்து யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கலிபோர்னியாவில் ராண்ட் என்ற நிறுவனம் 1948இல் அப்படித் தனியாகத் தொடங்கியது. 1959இல் போல் பரான் என்ற பொறியியலாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நான் எங்கே பேசினாலும் இந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று என் மாணவர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்கும் இழுக்கத்தான் போகிறேன்.

அது அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த காலம். அன்றைய டெலிபோன் எப்படியென்றால், ஊரில் உள்ள கம்பியெல்லாம் ஒரு எக்ஸ்சேஞ்சில் வந்து சேரும். அந்தக் கட்டடம் ஒன்று போனால் போதும், ஊரே ஊமை. பரான் கேட்டது ஒரே கேள்வி: பாதி இடம் அழிந்துபோனாலும் மிச்சப் பாதி தங்களுக்குள் பேசிக்கொள்ள வழி உண்டா?

அவர் கண்ட பதிலை நம்முடைய பாதைகளை வைத்துச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் சாமான் வர வேண்டும். கண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக வரலாம். அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வரலாம். சுற்றினாலும் பரவாயில்லை என்றால் இரத்தினபுரி, அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை வழியும் இருக்கிறது. கடுகண்ணாவையில் மண் சரிந்தால் லொறிக்காரர் கொழும்புக்குப் போன் போட்டு உத்தரவு கேட்பாரா? சந்தியில் நிற்கிறவரிடம் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்புவார். பரானும் அதைத்தான் செய்தார். செய்தியைச் சின்னச் சின்னத் துண்டாக்கினார். ஒவ்வொரு துண்டிலும் போய்ச்சேர வேண்டிய விலாசத்தை எழுதினார். எந்தத் துண்டு எந்த வழியால் போவது என்பதை அந்தந்தச் சந்தியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். துண்டுகள் முன்னுக்குப் பின்னாக வந்தாலும் போய்ச்சேரும் இடத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். இதில் தலைமைக் கந்தோர் என்று ஒன்று கிடையாது, கவனித்தீர்களா?

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு சந்திக்கு எத்தனை பாதை இருந்தால் போதும்? பரான் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார். பத்து வேண்டாம், இருபது வேண்டாம். ஒவ்வொரு சந்தியிலிருந்தும் மூன்று அல்லது நான்கு இணைப்பு இருந்தால் போதும், பலமான அடி விழுந்தாலும் மிஞ்சிய சந்திகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும் என்று கண்டார். ஒவ்வொரு சாமானும் நூற்றுக்கு நூறு உறுதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மலிவான, அடிக்கடி பழுதாகிற சாமானை வைத்தே உறுதியான அமைப்பைக் கட்டலாம். மூன்று அல்லது நான்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

அமெரிக்காவின் பெரிய டெலிபோன் கம்பனி இதை ஏற்கவில்லை. டெலிபோன் என்றால் என்ன என்று இவருக்கே பாடம் எடுத்தார்களாம்! பரான் சண்டைக்குப் போகவில்லை. 1964இல் எல்லாவற்றையும் தொகுதி தொகுதியாக எழுதி, பெரும்பாலானவற்றை இரகசிய முத்திரை இல்லாமல் யாரும் படிக்கும்படி வெளியிட்டார். எதிராளியும் படிக்கட்டும், இரண்டு பக்கமும் உறுதியான தொடர்பு இருந்தால் உலகத்துக்கு நல்லதுதானே என்பது அவர் வாதம். ஒரு கம்பனியில் இருந்திருந்தால் இது பெட்டிக்குள் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். பிறகு இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனியாக இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார்.

1969 ஒக்டோபர் 29. இப்படித் துண்டு துண்டாகச் செய்தி அனுப்புகிற, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான வலையமைப்பில், லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து எஸ்ஆர்ஐ என்ற இன்னொரு இலாப நோக்கற்ற நிறுவனத்தின் கணினிக்கு முதல் செய்தி போனது. ‘லொகின்’ என்று தட்டப் பார்த்தார்கள். எல் போனது, ஓ போனது, அதோடு கணினி படுத்துவிட்டது. இன்று உங்கள் கைப்பேசியில் வருகிற வட்ஸ்அப் செய்திவரை அந்த இரண்டு எழுத்தின் வழி வந்ததுதான்.

அதே ஒக்டோபர் 29, ஆனால் 2014. கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு. நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலை நேரம், பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. தேதிக்கும் தேதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வருடாவருடம் அந்த நாள் வந்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

நம் நாட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவு வைத்திருக்கிறது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் அவதானம். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். இன்னொரு தரம் சொல்கிறேன்: 75, 100, 150.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பக்கம் நேராக இருக்கிற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, கழுத்துப் பக்கத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி வாயில் செருகுங்கள். அடியில் கொஞ்சம் கல் போட்டு, கல் மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அங்கிருந்து அடிமட்டத்தால் அளக்கலாம். “சேர், பெரிய போத்தல் வைத்தால் மழை கூடக் காட்டுமா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். காட்டாது. வாய் அகலமானால் அடியும் அகலம், உயரம் ஒன்றுதான். கூரை ஓரத்தில், மரத்துக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். தோட்டத்து ஆபீசுகளில் எத்தனையோ காலமாகக் காலையில் மழை அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். அந்தக் கொப்பி தேயிலைக் கொழுந்துக்காக எழுதப்பட்டது. இரவு பதினொரு மணிக்கு லயத்தில் தூங்குகிறவருக்காக அதை யாரும் திறப்பதில்லை.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். எச்சரிக்கை கொழும்பிலிருந்து புறப்படுகிறது. மாவட்டத்துக்கு வருகிறது, பிரதேச செயலகத்துக்கு வருகிறது, கிராம சேவகருக்கு வருகிறது, தோட்டத்து ஆபீசுக்கு வருகிறது. அங்கே ஒருவருடைய ஒரு போனில் வந்து தொங்குகிறது. அந்தப் போனில் சார்ஜ் இல்லை என்றால்? அவர் அன்றைக்கு லீவில் ஊருக்குப் போயிருந்தால்? குறுஞ்செய்தி நமக்கு வாசிக்க வராத மொழியில் வந்தால்? பரான் பயந்த அதே எக்ஸ்சேஞ்ச், நம் தோட்டத்தில் ஒரு மனிதராக உட்கார்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பாதை போனது, கரண்ட் போனது, பல இடத்தில் சிக்னலும் போனது. அமைப்புப் பொறியியல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் படிப்பு கருவியைப் பார்க்கிற அதே கண்ணால் கருவிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளையும், அவர் தூங்குகிற நேரத்தையும் பார்க்கச் சொல்கிறது.

அதனால் ஒவ்வொரு லயத்துக்கும் மூன்று அல்லது நான்கு இணைப்பு வேண்டும் என்கிறேன். தோட்டத்து ஆபீஸ் ஒன்று. பிள்ளை மடுவத்து அக்கா, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்கிறவர், இரண்டு, எந்தக் காம்பராவில் கைக்குழந்தை இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். கோயில் ஸ்பீக்கர் மூன்று, ஆனால் அதற்கு பற்றரி வேண்டும். நாலாவது, ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார். இவர்கள் ஒருவரையொருவர் கேட்காமலே செய்தியைக் கடத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆபீசில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று யாரும் நிற்கக் கூடாது.

இது வெளிநாட்டுக் கதை என்று யாராவது நினைத்தால், நம்மவர் வேலையும் இருக்கிறது. 2004 சுனாமி வந்த கையோடு, லங்கா மென்பொருள் மன்றம் என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்தோடு சேர்ந்து தொண்டர்கள் இராப்பகலாக எழுதியது சஹானா என்ற மென்பொருள். காணாமற்போனவர் பட்டியல், முகாம் பட்டியல், எந்த முகாமுக்கு என்ன தேவை என்ற பட்டியல், எல்லாம் ஒரே இடத்தில். யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார்கள். அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குக் கை கொடுத்தது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கொழும்பில் உள்ள லேர்ன்ஏசியா என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் சர்வோதயம் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து, சுனாமி பாதித்த கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்துப் பார்த்ததை விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக ஒன்று மட்டும்: ஒரே கருவியை நம்பாமல் ஒன்றுக்கு இன்னொன்று துணையாக இருக்க வேண்டும், கையில் எடுக்கிறவருக்குப் பயிற்சி வேண்டும் என்பது அதில் தெரிந்தது. மிச்சத்தை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். மழை அளவு 75, 100, 150. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. நன்றி, வணக்கம்.