ஏரிக்குள்ளே ஒரு தி.நகர்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழைக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டீர்கள், சந்தோஷம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் தி.நகர் பனகல் பூங்காப் பக்கம் கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து நீண்டு கிடந்தது ஒரு ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், படகுப் போட்டிகூட விட்டார்கள். அந்த ஏரியை 1923 வாக்கில் தூர்த்து மனை போட ஆரம்பித்தார்கள். சென்னையில் ஜனம் பெருகிவிட்டது, 1920இல் நகரமைப்புச் சட்டமும் வந்துவிட்டது, குடியிருக்க இடம் வேண்டும், ஏரிதான் கண்ணில் பட்டது.

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதனால்தான் நம் தெருக்களில் நடந்தால் அந்தக் கட்சியின் வரலாற்றையே வாசித்துவிடலாம். ஊருக்கே பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர், 1920இல் முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்னவர். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை முதலமைச்சர். உஸ்மான் சாலையின் முகமது உஸ்மான் 1934இல் சில மாதம் சென்னை மாகாணத்துக்குத் தற்காலிக ஆளுநராகவே இருந்தார். நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை இரண்டும் கட்சியைத் தொடங்கியவர்களின் பெயர்கள். பாண்டி பஜாரைப் பாண்டிச்சேரியோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி, தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, இத்தனை தலைவர்களுக்கு இடம் கொடுத்த ஊரில் ஏரிக்கு என்ன மிச்சம்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை. இப்படிச் சில பெயர்ப்பலகைகள்தான், ஒன்று ஏரியைப் பார்த்த தெரு, இன்னொன்று அதன் கரை. நுங்கம்பாக்கம் பக்கம் மிஞ்சியிருந்த ஏரி நிலத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டமும் எழுந்தது.

ஆனால் தண்ணீருக்குத் தன் பள்ளம் தெரியும். வள்ளுவர் கோட்டம் பக்கத்திலிருந்து தி.நகர் வழியாக அடையாற்றுக்குப் போகிறதே மாம்பலம் கால்வாய், நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, இந்தப் பள்ளத்து மழை நீர் வடிய அதுதான் வழி. 2021 நவம்பரில் நம் தெருக்களில் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீர் நின்றபோது எல்லோரும் மழையைத் திட்டினார்கள். ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்டு, வடிகாலையும் குப்பையால் அடைத்துவிட்டு மழையைத் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு லேக் வியூ சாலையில் கூடுவோம். அங்கிருந்து கிழக்கே கால்வாய் வரை நடப்போம், எந்த இடத்தில் தரை இறங்குகிறது என்று காலாலேயே பார்த்துவிடலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவசியம் கூட்டி வாருங்கள்.