வலிக்காத புண்ணும் வீங்கிய கணுக்காலும்: மதுரையில் யாரிடம் காட்டுவது?

(காட்சி: கோயில் வாசலில் கழற்றி விடப்பட்ட செருப்புகள், வெயிலில் காயும் கருங்கல் தரை.)

மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சித்திரை மாத நண்பகலில் செல்லும் ஒருவர், ஆடி வீதியின் கல்தரைச் சூடு தாங்காமல் நிழலை நோக்கி எட்டி நடந்தால், சூட்டை உணரும் அவருடைய பாத நரம்புகள் வேலை செய்கின்றன என்று பொருள். அதே தரையில் எந்த அவசரமும் இல்லாமல் நடந்துவிட்டு, வீடு திரும்பிய பிறகு உள்ளங்காலில் கொப்புளத்தைக் கண்டு திகைப்பவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், பாதத்தின் உணர்வை மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது.

செருப்பு கடித்த இடம், வரப்பில் குத்திய முள், பிளேடால் சீவிய கால் ஆணி, கடையில் வாங்கி ஒட்டிய ஆணிப் பிளாஸ்டரின் அமிலம் அரித்த தோல் ஆகிய எதுவுமே வலிக்காததால், மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அந்தக் காலோடு பத்து நாள் சேற்றில் நிற்பார். வலித்திருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போயிருப்பார். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் திறந்த புண் எது இருந்தாலும், அது வலிக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்காமல், ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தோல் கருத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிவப்பு மேலேறினாலோ அன்றே செல்ல வேண்டும்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருப்பதும் உண்டு. சார்கோ பாதம் எனப்படும் இந்நிலையில், உணர்விழந்த பாதத்தின் எலும்புகள் நடக்க நடக்க நொறுங்கி உருமாறுகின்றன. இதைக் கீல்வாதம் என்று எண்ணி வலி மாத்திரையோடு விட்டுவிடுவது பெரிய இழப்பு; ஏனெனில், தொடக்கத்திலேயே மாவுக்கட்டுப் போட்டுக் காலை ஊன்றாமல் வைத்திருந்தால் பாதத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

(காட்சி: மெல்லிய நைலான் இழை ஒன்று உள்ளங்காலைத் தொட்டு வளைகிறது.)

10 கிராம் அழுத்தத்தில் வளையும் இந்த இழையின் தொடுதலையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வையும் நோயாளி உணர்கிறாரா என்று பார்ப்பது முறையான பரிசோதனையின் முதல் பகுதி. அடுத்து, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கிறார்கள், விடை 0.9க்குக் கீழே வந்தால் காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது. இரத்தம் போய்ச் சேராத காலில் எத்தனை முறை மருந்து வைத்துக் கட்டினாலும் புண் ஆறுவது கடினம். ஆகவே விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், "இரத்த ஓட்டம் பார்த்தாகிவிட்டதா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை என்றே நான் கருதுகிறேன். சீழ் வேகமாகப் பரவும் நிலையில் மட்டும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

பாதத்திற்கென்றே தனியாகப் படித்தவர்கள் மேலைநாடுகளில் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு பெயர்ப்பலகையைக் காண்பது அரிது. சர்க்கரை மருத்துவர், எலும்பு மருத்துவர், இரத்தநாள அறுவை நிபுணர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பனகல் சாலையில் உள்ள பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை, இப்பிரிவுகளை ஒரே வளாகத்தில் கொண்டிருப்பது தென்மாவட்ட மக்களுக்குப் பெரிய வசதி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், தங்களுக்கான அறுவை சிகிச்சை அதில் அடங்குமா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

(காட்சி: கபடி மைதானம், ஒருவர் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.)

கணுக்கால் மடங்கியவுடன் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்கச் செல்வது நம்மிடம் ஊறிய பழக்கம். எலும்பு விரிசல் விட்டிருந்தால் அந்த நீவுதல் அதை விலக்கிவிடக்கூடும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதி இங்கே உதவும். கணுக்கால் பகுதியில் வலி உள்ளவர் நான்கு காலடி எடுத்து வைக்க முடியாமல் இருந்தாலோ, கணுக்கால் எலும்பு முண்டின் பின்விளிம்பில் கடைசி 6 சென்டிமீட்டரை அழுத்தும்போது எலும்பே வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டவருக்கு விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்தும் குதிகால் வலி, பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார் அழற்சி. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சிகளும் மெத்தென்ற செருப்பும் பலருக்குப் போதும்.

மருத்துவரிடம் செல்லும்போது, மாத்திரைச் சீட்டோடு, நீங்கள் அன்றாடம் அணியும் பழைய செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, பாதத்தில் எங்கே அழுத்தம் கூடுகிறது என்று அவர் ஊகிப்பார். உணர்விழந்த பாதமானால், எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பை எந்த இடத்தில் உயர்த்தி, எந்த இடத்தில் தாழ்த்தித் தைக்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிக் கொடுப்பார்.